இரண்டு ஆஞ்சியோகிராம் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய்க் கட்டிக்கு உள்ளிருந்தே கதிரியக்கம் கொடுக்கும் யிட்ரியம்-90 சிகிச்சை பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. பெரும்பாலும் ‘ஒரே ஊசி, மறுநாள் வீடு’ என்ற தொனிதான். அதைப் படித்துவிட்டு வரும் குடும்பத்தாரிடம், ஓரிரு வாரம் முன்னதாகவே ஒரு ஆஞ்சியோகிராம் (ரத்தக் குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்), பிறகு சிகிச்சை நாளில் இன்னொன்று எடுக்க வேண்டும் என்றால், பில்லை ஏற்றத்தான் இந்த வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் சிகிச்சையின் பாதி அந்த முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

நல்ல கல்லீரல் திசு தனக்கான ரத்தத்தில் முக்கால் பங்கை, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கட்டியோ ஏறக்குறைய முழுவதையும் கல்லீரல் தமனியிலிருந்து உறிஞ்சுகிறது. அதனால் தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையில் யிட்ரியம் ஏற்றிய கதிரியக்கக் குருணைகளை விட்டால் அவை கட்டியின் நுண்குழாய்களில் தங்கிவிடும். குருணையில் இரண்டு வகை: கண்ணாடிக் குருணை 20 முதல் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு), ரெசின் எனும் செயற்கைப் பிசின் குருணை 20 முதல் 60 மைக்ரான். அவற்றின் பீட்டா கதிர் திசுவில் சராசரி 2.5 மி.மீ., மிஞ்சினால் 11 மி.மீ. தூரம்தான் போகும். உள்ளே விட்டதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. வழி தவறினால் தவறியதுதான்.

வழி தவற இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் பிரியும் கிளைகள். இவற்றில் குருணை நுழைந்தால் வரும் புண் லேசில் ஆறாது. முதல் நாளில் இந்தக் கிளைகளைத் தேடிப் பார்த்து, கதீட்டரை அவற்றைத் தாண்டிக் கொண்டுபோக முடியாவிட்டால் காயில் எனப்படும் உலோகச் சுருளால் அடைப்பார்கள். இன்னொன்று நுரையீரல். கட்டிக்குள் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருந்தால் குருணைகள் கல்லீரலில் நிற்காமல் நுரையீரலுக்குப் போய்விடும். இதை அறிய, டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய அல்புமின் (புரத) துகள்களை 4 முதல் 5 மில்லிகியூரி (கதிரியக்க அளவு) அளவில், முதல் நாளிலேயே அதே கதீட்டர் வழியாகச் செலுத்தி, அவை எங்கே தங்கின என்று காட்டும் காமா கேமராவில் படம் எடுக்கிறோம்.

ஆஞ்சியோகிராம் செய்யும் கேத்லேபிலிருந்து ஸ்கேன் அறைக்கு நோயாளியை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். தாமதமானால் துகள்கள் சிதைந்து, பிரிந்த டெக்னீசியம் இரைப்பையில் சேரும். குருணை இரைப்பைக்குக் கசியப் போகிறது என்று படத்தைத் தவறாகப் படிக்க அது போதும்.

கணக்கு எளிது. செலுத்தும் யிட்ரியத்தின் அளவு கிகாபெக்கரலில் (கதிரியக்கத்தின் அலகு), அதை நுரையீரல் கசிவு விகிதத்தால் பெருக்கி, மீண்டும் 50-ஆல் பெருக்கினால் நுரையீரல் வாங்கும் கிரே (திசு வாங்கும் கதிர் அளவின் அலகு) கிடைக்கும் (நுரையீரல் எடை 1 கிலோ என்று கொண்டு). 2.5 கிகாபெக்கரல், கசிவு 12 சதவீதம் (அதாவது 0.12) என்றால் 15 கிரே, கொடுக்கலாம். அதே அளவுக்குக் கசிவு 28 சதவீதம் என்றால் 35 கிரே. ஒரு முறைக்கான வரம்பு 30. அப்போது அளவைக் குறைக்க வேண்டும், அல்லது இந்தச் சிகிச்சையையே விட்டுவிட வேண்டும். 2017-இல் வெளியான பிரான்ஸ் நாட்டின் சாரா ஆய்வில், இச்சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 237 பேரில் 53 பேருக்கு, பல காரணங்களால், அதைக் கொடுக்கவில்லை. ‘உங்களுக்கு ஒத்துவராது’ என்று ஒரு மருத்துவமனை சொன்னால் திறமைக் குறைவு என்று எண்ணி அடுத்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை.

கட்டிக்கு எவ்வளவு சேரும் என்பதும் அதே படத்திலிருந்துதான் தெரிகிறது. 2021-இல் வெளியான டோசிஸ்பியர் ஆய்வில், பெரிய கட்டி உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்குப் பழைய பொது முறையிலும், மற்றவர்களுக்குக் கட்டிக்குக் குறைந்தது 205 கிரே சேருமாறு தனித்தனியே கணக்கிட்டும் கொடுத்தார்கள். இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்) முதல் பிரிவில் 10.7 மாதம், இரண்டாவதில் 26.6 மாதம். குருணை ஒன்றுதான், கணக்குத்தான் வேறு.

அடுத்த சிக்கல் தேதி. யிட்ரியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகும் நேரம், 64 மணி. ஒரு நாள் தள்ளிப்போனால் 2 கிகாபெக்கரல் சுமார் 1.54 ஆகிவிடும். மருந்து பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து, குறிப்பிட்ட நோயாளியின் பெயருக்கே விமானத்தில் வருகிறது. ‘அஷ்டமி கழித்து வருகிறோம்’ என்பதற்கு இங்கே இடமில்லை. ரத்தப் பரிசோதனையை முன்தினம் மறுபடி செய்வதும் இதனால்தான் முக்கியம். கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் 2 மி.கி.-ஐத் தாண்டியிருந்தால் கல்லீரலின் ஒரு மடல் முழுவதற்கும் கொடுப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். மீறிக் கொடுத்தால் ஓரிரு மாதத்தில் மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் வந்து கல்லீரலே செயலிழக்கக்கூடும்.

சிகிச்சை நாளில் கதீட்டரின் நுனி முதல் ஆஞ்சியோகிராமின்போது நின்ற அதே இடத்தில் நிற்க வேண்டும். தமனி பிரியும் இடத்தில் சில மி.மீ. மாறினாலே ஓட்டம் வேறு கிளைக்குப் போய்விடும். மருந்துக் குப்பி ஈயத்துக்குள் அல்லாமல் அக்ரிலிக் பெட்டிக்குள் இருக்கும். பீட்டா கதிர் ஈயத்தில் நேராக மோதினால் எக்ஸ்ரே கிளம்பும். கண்ணாடிக் குருணையைச் சலைனால் (உப்பு நீர்) தள்ளலாம். ரெசினுக்குச் சலைன் ஆகாது, யிட்ரியம் கழன்றுவிடும். அதற்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) தான். ரெசின் குருணைகள் எண்ணிக்கையில் கோடிக்கணக்கில் இருப்பதால் நடுவிலேயே குழாய் அடைத்து ஓட்டம் நின்றுபோகலாம். அப்போது மீதியைக் குப்பியிலேயே விட்டுவிடுவதுதான் சரி. அழுத்தித் தள்ளினால் பின்வாங்கி இரைப்பைக் கிளைக்குள் போகும்.

பிறகு சில நாள் அசதி, லேசான காய்ச்சல் இருக்கும். ஒரு வாரம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம். மேல்வயிற்று வலி வாரக்கணக்கில் நீடித்தால் ‘கேஸ்’ என்று விட்டுவிடாமல் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் ஸ்கேன் எடுத்துக் கட்டி சுருங்கவில்லையே என்று கலங்க வேண்டாம். அளவு குறைய மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘யிட்ரியம் சிகிச்சை செய்யப்பட்டது’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்தக் குருணை, எத்தனை கிகாபெக்கரல், நுரையீரல் கசிவு எத்தனை சதவீதம், கட்டிக்கும் நுரையீரலுக்கும் எத்தனை கிரே, எந்தக் கிளையில் காயில் என்பதை எழுதுங்கள். இரண்டாம் முறை வேறு ஊரில் செய்ய நேர்ந்தால், நுரையீரலுக்கான மொத்த வரம்பு 50 கிரேயில் எவ்வளவு மிச்சம் என்று அங்குள்ளவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

இங்ஙனம்,
அணு மருத்துவத் துறையில் பணிபுரியும் இருவர்,
சென்னை.