சிடோ ஒபியை ‘அடுத்த ரூனி’ ஆக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் காற்பந்துக் குழுவின் பதினேழு வயதுத் தாக்குதல் ஆட்டக்காரர் சிடோ ஒபியைப் பற்றி, அக்குழுவின் முன்னாள் கோல் நட்சத்திரம் வேய்ன் ரூனியோடு ஒப்பிட்டு, ‘வந்துவிட்டார் அடுத்த ரூனி’ என்ற தலைப்பில் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான செய்தியைப் படித்தேன். அக்குழுவின் ஆட்டங்களைக் கண்விழித்துப் பார்த்துப் பழகியவன் என்ற முறையிலும், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் பல ஆண்டுகள் மாணவர் காற்பந்துக் குழுவை மாலை வேளைகளில் கவனித்துவந்தவன் என்ற முறையிலும், அந்தத் தலைப்பைக் குறித்துச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த இளைஞர்மீது எனக்கும் நம்பிக்கை உண்டு. 2025 மே 28ஆம் தேதி மலேசியாவின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்த கூட்டத்தில் நானும் என் தம்பி மகனும் இருந்தோம். தென்கிழக்காசிய ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆசியான் நட்சத்திரக் குழுவிடம் யுனைடெட் ஒரு கோலுக்குத் தோற்றது. சொந்த ரசிகர்களின் கேலிக் கூச்சலுக்கு இடையே ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேறினார்கள். இரண்டு நாள் கழித்து ஹாங்காங்கில் பின்தங்கியிருந்த அதே குழு 3-1 என வென்றபோது, அவற்றுள் இரண்டு கோல்களை அடித்தவர் ஒபி. அன்றிரவு மாமாக் உணவுக் கடையில் தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, “அடுத்த பருவத்துக்கு இவன் ஒருத்தன் போதும் பெரியப்பா” என்று என் தம்பி மகன் சொன்னபோது, அவனை மறுத்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024-25 பருவத்தில் யுனைடெட் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரிமியர் லீக்கில் 38 ஆட்டங்களில் அடித்த கோல்கள் 44 மட்டுமே. பெற்ற புள்ளிகள் 42, பிடித்த இடம் 15. பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்ட தாக்குதல் ஆட்டக்காரர்களில் ஹொய்லுண்ட் லீக்கில் 4 கோல்களும் சிர்க்சி 3 கோல்களும் அடித்தார்கள். நம் நேரப்படி விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பில்பாவோவில் நடந்த ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தையும் தோற்கக் கண்டோம். இப்படிப் பசித்துக் கிடப்பவர் கண்ணுக்கு, இளையோர் பிரிவில் கோல்களை அள்ளிக் குவிக்கும் ஒரு பையன் எப்படித் தெரிவான் என்பதை விளக்க வேண்டியதில்லை. நாம் அவரைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பெரும்பாலும் நம் பசியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரிய குழு நன்றாக ஆடிக்கொண்டிருந்தால், பதினேழு வயதுக்காரர் ஒருவரின் பெயர் கிள்ளானில் இருக்கும் எனக்குத் தெரிந்திருக்குமா என்பதே ஐயம்.

ஒபியின் கணக்கு மலைக்கவைப்பது உண்மைதான். 2023 நவம்பரில் ஆர்சனல் குழுவின் இளையோர் பயிற்சிக்கழகத்தில் இருந்தபோது, லிவர்பூலுக்கு எதிராக 14-3 என முடிந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அவர் ஒருவரே 10 கோல்கள் அடித்தார். 2024 அக்டோபரில் யுனைடெட்டுக்கு வந்தார். எஃப்.ஏ. இளையோர் கிண்ணத்தில் செல்சிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்று கோல்கள் போட்டார். 2025 பிப்ரவரியில் டோட்டன்ஹமுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் பெரிய குழுவுக்கு முதல் முறையாகக் களமிறக்கப்பட்டார். மே 4ஆம் தேதி பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியபோது அவருக்கு வயது 17 ஆண்டு 156 நாள். பிரிமியர் லீக்கில் யுனைடெட்டின் தொடக்க வரிசையில் இவ்வளவு இளம் வயதில் அதற்குமுன் இடம்பெற்றவர் எவரும் இல்லை. இவையெல்லாம் தங்கள் செய்தியில் சரியாகவே இருந்தன. அந்தப் பத்துக் கோல்களையும் பிரிமியர் லீக்கில் களமிறங்கியதையும் ஒரே தட்டில் வைத்து, ஒன்று மற்றொன்றுக்கு உறுதி கூறுவதுபோல் எழுதியிருந்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பன்னிரண்டு வயது மாணவர்களைத் திடலில் ஓடவிட்டுப் பார்த்த எவருக்கும் இது தெரியும். என் குழுவில் ஒரு காலத்தில் ஒரு மாணவன் இருந்தான். மற்றவர்களைவிட ஒரு முழம் உயரம், அதற்கேற்ற ஓட்டம். பந்தை அவனுக்கு முன்னால் தள்ளிவிட்டால் போதும், மிச்சத்தை அவன் கால்கள் பார்த்துக்கொள்ளும். மாவட்டப் போட்டிகளில் நாங்கள் அடித்த கோல்களில் பாதிக்குமேல் அவனுடையவை. மூன்று ஆண்டுகளில் மற்றவர்கள் அவன் உயரத்தை எட்டிப் பிடித்தார்கள். அதுவரை அவன் கற்றுக்கொள்ளத் தேவைப்படாத விஷயங்கள், அதாவது வரும் பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குதல், முதுகுக்குப் பின்னால் நிற்பவனை உணர்தல், பந்து வருமுன்பே இடம் பார்த்து நகர்தல் ஆகியவை, அப்போது திடீரென்று தேவைப்பட்டன. அவனுக்கு அவற்றைக் கற்பிக்காமல் கோல்களை எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தது என் பிழை.

இங்கிலாந்துப் பயிற்சிக்கழகங்கள் இதை அறியாதவை அல்ல. அங்கே வயதுப் பிரிவுகள் செப்டம்பர் முதல் தேதியை வைத்துப் பிரிக்கப்படுவதால், செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்த சிறுவர்கள் தம் பிரிவிலேயே மூத்தவர்களாக இருந்து பயனடைகிறார்கள் என்பது நெடுநாளாகப் பேசப்படும் செய்தி. வயதைப் பார்க்காமல் உடல் வளர்ச்சியின் அடிப்படையில் சிறுவர்களைப் பிரித்து ஆடவைத்துப் பார்க்கும் வழக்கமும் அங்கே வந்திருக்கிறது. ஒபி பிறந்தது நவம்பர் 29. இதனால் அவர் திறமை குறைந்தவர் என்று ஆகாது. தம்மைவிட மூத்தவர்களோடு ஆடியும் அவர் கோல் அடித்திருக்கிறார். பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அடித்த பத்துக் கோல்களின் எடை என்ன என்பதைப் பயிற்றுநர்கள் நிறுக்கும் தராசு வேறு, நாம் மாமாக் கடையில் நிறுக்கும் தராசு வேறு என்பதையே சொல்ல வருகிறேன்.

தாக்குதல் ஆட்டக்காரருக்கு உள்ள இன்னொரு சங்கடத்தையும் குறிப்பிட வேண்டும். இளம் பக்கவாட்டு ஆட்டக்காரர் தடுமாறினால், அருகில் அனுபவமுள்ள ஒருவரை நிறுத்தி மறைத்துவிடலாம். கோல் கம்பத்துக்கு முன்னால் தனியாக நிற்பவரை மறைக்க இடமில்லை. முப்பது வயதுத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் இருவர் முதுகில் மோதிக்கொண்டிருக்க, ஆட்டம் முழுவதிலும் இரண்டோ மூன்றோ முறை மட்டுமே கிடைக்கும் வாய்ப்பை அவர் பயன்படுத்தியாக வேண்டும். தவறவிட்டால் அரங்கம் முழுக்க அதைப் பார்க்கிறது.

‘அடுத்த ரூனி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எவர்ட்டன் குழுவுக்காக 2002 அக்டோபர் 19ஆம் தேதி ஆர்சனலுக்கு எதிராக ரூனி தம்மைப் புகழ்பெறச் செய்த கோலை அடித்தபோது, அவருக்குப் பதினேழு வயது நிறைய ஐந்து நாள் பாக்கி இருந்தது. அந்த வயதிலேயே வளர்ந்த ஆள்களைத் தோளால் தள்ளிக்கொண்டு போகும் உடல்கட்டு அவருக்கு வாய்த்திருந்தது. பின்னாளில் யுனைடெட்டுக்காக 253 கோல்கள் அடித்து அக்குழுவின் வரலாற்றிலேயே முதலிடம் பெற்றார். அவர் ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை அளவுகோலாக எடுத்துக்கொண்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு பையனும் குட்டையாகத்தான் தெரிவான்.

யுனைடெட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. 2009 ஏப்ரல் 5ஆம் தேதி ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க முடியாது. பதினேழு வயது ஃபெடெரிக்கோ மக்கேடா முதல் முறையாக இறக்கப்பட்டு, ஆட்டத்தின் கடைசி மூச்சில் உடலைச் சுழற்றித் திரும்பி அடித்த பந்து வலைக்குள் போனது, 3-2. அடுத்த வாரம் சண்டர்லாந்துக்கு எதிராகவும் வெற்றிக் கோல் அவருடையதே. நான் நாற்காலியிலிருந்து துள்ளியதில் பக்கத்து வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். அதன்பின் அவர் சம்ப்டோரியா, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், ஸ்டுட்கார்ட், டான்காஸ்டர், பர்மிங்ஹம் என்று இரவல் ஆட்டக்காரராகவே சுற்றி, 2014இல் யுனைடெட்டைவிட்டு விலகினார். அவர் விலகிய அதே ஆண்டு மே மாதம், ஹல் சிட்டிக்கு எதிராகத் தம் முதல் ஆட்டத்திலேயே பதினெட்டு வயது ஜேம்ஸ் வில்சன் இரண்டு கோல்கள் அடித்தார். மக்கேடாவைப் பற்றிச் சொன்ன அத்தனையையும் நாம் மறுபடி சொன்னோம், பெயரை மட்டும் மாற்றி. வில்சனும் பின்னர் கீழ்நிலை லீக் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாவதாக வந்தவர் மார்க்கஸ் ரேஷ்ஃபோர்ட். 2016 பிப்ரவரி 25ஆம் தேதி மிட்டில்லாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முன், உடலைச் சூடேற்றும் வேளையில் தாக்குதல் ஆட்டக்காரர் மார்ஷியல் காயமடைந்ததால் இடம் கிடைத்தவர் அவர். இரண்டு கோல்கள் அடித்தார். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக மேலும் இரண்டு. மார்ஷியல் அன்று காயமடையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு. 138 கோல்கள் அடித்த அவரையே, சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினரின் கசப்புக்கு இடையே, 2025 தொடக்கத்தில் ஆஸ்டன் வில்லாவுக்கு இரவலாக அனுப்பினார்கள். நம் பிள்ளை என்று கொண்டாடிய வாய்தான் பின்பு அவரை ஏசியது.

மனத்தில் விழும் சுமையைப் பற்றிப் பேசினால், பார்சலோனாவின் போயான் கிர்கிச்சைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2007இல் பதினேழு வயதில் பெரிய குழுவுக்கு வந்து, அந்தப் பருவத்திலேயே ஸ்பெயின் லீக்கில் 10 கோல்கள் அடித்தவர் அவர். ‘அடுத்த மெஸ்ஸி’ என்று எழுதாத பத்திரிகை இல்லை. 2008 பிப்ரவரியில் ஸ்பெயின் தேசியக் குழுவில் சேர்க்கப்பட்டவர் ஆடாமற்போனதற்கு வயிற்றுக் கோளாறு காரணமென்று அறிவிக்கப்பட்டது. உண்மையில் அது கடுமையான மனப்பதற்றம் என்பதைப் பத்தாண்டு கழித்து ஒரு நேர்காணலில் அவரே சொன்னார். அவ்வாண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்கும் அவர் போகவில்லை. நாட்டுக்கு ஆட மறுத்தவன் என்ற பேச்சையும் அந்த வயதில் அவர் கேட்க வேண்டியிருந்தது. 2023இல் 32 வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

இதற்கு நேர்மாறான பாதையிலும் ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள், ஆனால் அவர்களைப் பற்றி யாரும் பெரிய எழுத்தில் தலைப்புப் போடுவதில்லை. ஹாரி கேனைச் சிறுவனாக இருந்தபோது ஆர்சனல் வேண்டாமென்று அனுப்பியது. டோட்டன்ஹமில் வளர்ந்த அவர் லெய்ட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் ஆகிய குழுக்களுக்கு இரவலாகச் சென்று, சில இடங்களில் மாற்று ஆட்டக்காரர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்து, 21 வயதில்தான் நிலையான இடம் பிடித்தார். யுனைடெட் பயிற்சிக்கழகத்தில் வளர்ந்த டேனி வெல்பெக் நமக்குப் போதவில்லை என்று 2014இல் ஆர்சனலுக்கு விற்கப்பட்டார். 2024-25 பருவத்தில், 34 வயதில், பிரைட்டனுக்காக லீக்கில் 10 கோல்கள் அடித்தார். யுனைடெட்டின் ஹொய்லுண்டும் சிர்க்சியும் சேர்ந்து அடித்ததைவிட அது அதிகம். வெல்பெக்கைத் தோல்வி என்று முடிவுகட்டிய ரசிகர்களில் நானும் ஒருவன்.

ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பயிற்சிக்கழகத்தில் வளர்ந்த ஒருவரையேனும் குழுவில் சேர்க்கும் வழக்கத்தை 1937 அக்டோபர் முதல் விடாமல் காத்துவரும் குழு அது. 2022 இளையோர் கிண்ண இறுதியாட்டத்தைக் காண ஓல்ட் டிராஃபோர்டுக்கு 67,492 பேர் வந்தார்கள். பிள்ளைகளைக் கொண்டாடுவது அக்குழுவின் இரத்தத்தில் ஊறியது. அதைக் கைவிடச் சொல்ல நான் யார்? தங்கள் நாளிதழிடம் கேட்பது வேறு. ஒபி கோல் அடித்தால் எழுதுங்கள். அது எந்த வயதுப் பிரிவு, எதிரணியில் இருந்தவர்கள் யார், அவர் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஹாங்காங் ஆட்டம் பருவம் முடிந்தபின் நடந்த நட்பாட்டம் என்ற ஒரு வரி தங்கள் செய்தியில் இருந்திருந்தால், என் தம்பி மகனுக்கு அந்த இரண்டு கோல்களின் அளவு புரிந்திருக்கும். ‘அடுத்த’ என்ற அடைமொழியை முடிந்தால் சில ஆண்டுகளுக்குப் பூட்டி வையுங்கள்.

வரும் பருவத்தில் அவர் ஏதாவது ஒரு சிறிய குழுவுக்கு இரவலாகப் போகக்கூடும். போகாமல் 21 வயதுக்குட்பட்டோர் குழுவிலேயே இருக்கவும் கூடும். அப்படி எங்கோ ஒரு நனைந்த திடலில், செவ்வாய்க்கிழமை இரவு, பன்னிரண்டு நிமிடம் ஆடி, கோல் அடிக்காமல் அவர் திரும்பினாலும், அதை இரண்டு வரியில் போடுங்கள். கிள்ளானில் அதைத் தேடிப் படிக்க நான் ஒருவன் இருக்கிறேன். என் தம்பி மகனையும் சேர்த்துக்கொண்டால் இருவர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கிள்ளான்.
ஜூன் 2025