கந்த சட்டி விரதம் பிடிக்கப் போகிற மகனுக்கு

உ

தம்பிலுவில்

அன்பு மகனுக்கு,

நீ வட்ஸ்அப்பில் போட்ட வரியைப் பார்த்தேன். "அம்மா, கந்த சட்டி எப்படிப் பிடிக்கிறது? ஆறு நாளும் வெறும் தண்ணியோடே இருக்கலாமா?" அவ்வளவுதான். அப்பாவின் கால் எப்படி, வயல் விதைத்தாச்சா என்று ஒரு சொல் இல்லை. போனில் இதைச் சொல்லி முடிக்க ஏலாது, நீயும் இரண்டு வார்த்தைக்கு மேல் நிற்கிறாய் இல்லை. அதுதான் எழுதுகிறேன். தங்கச்சி படம் எடுத்து அனுப்புவாள். வேலை முடிந்து வந்து ஆறுதலாக வாசி.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஆறு நாளும் தண்ணியோடே இருக்க வேண்டாம் மனே. அப்படி இருப்பதுதான் உத்தமம் என்று சொல்லுவார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஏலாதவர்கள் முதல் ஐந்து நாளும் ஒவ்வொரு பொழுது சாப்பிட்டு, சட்டி அன்றைக்கு மட்டும் உபவாசம் இருக்கலாம் என்று ஆறுமுக நாவலரே எழுதி வைத்திருக்கிறார். அது குறைந்த விரதம் இல்லை. கோயிலில் முழு ஆறு நாளும் பட்டினி கிடக்கிறவர்கள் வேலைக்குப் போகாமல் மண்டபத்திலேயே பாய் போட்டுப் படுத்து, புராணப் படிப்புக் கேட்டுக்கொண்டு இருக்கிறவர்கள். மயக்கம் வந்தால் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இருக்கும். நீ இரவு வேலையில் மெசினடியில் நிற்கிறவன். நாலாம் நாள் தலை சுற்றும், கை நடுங்கும். அந்தக் குளிரில் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வேறு வர வேண்டும். உன்னைத் தாங்கிப் பிடிக்க ஆர் இருக்கிறார்கள்?

மிளகு விரதம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் உனக்கு ஆரும் சொல்லுவார்கள். ஆறு மிளகும் ஆறு கை தண்ணீரும். அதைத் தொடாதே. பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே உனக்கு வயிற்று எரிவு. வெறும் வயிற்றில் மிளகு விழுந்தால் இரண்டாம் நாளே புளித்த ஏப்பமும் நெஞ்செரிவும் வந்து, சாமியை நினைக்கிற நேரமெல்லாம் வயிற்றை நினைத்துக்கொண்டு இருப்பாய்.

இனி நாள் கணக்கு. ஐப்பசியில் தீபாவளி அமாவாசை கழிந்த பிரதமையில் தொடங்கி சட்டி வரைக்கும் விரதம். மறுநாள் பாரணை, விரதம் முடித்துச் சாப்பிடுகிறது. இங்கத்தைக் கலண்டரைப் பார்த்துப் பிடிக்காதே. திதி அந்தந்த இடத்துச் சூரிய உதயத்தை வைத்துப் பார்ப்பது. கனடாவுக்கும் எங்களுக்கும் ஒரு நாள் மாறி வரலாம். இங்கேயே வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் இருக்கிறது. சில வருசம் இரண்டும் ஒத்துப் போகாது. நீ கையில் காப்பு நூல் கட்டுகிற கோயில் எதைப் பிடிக்கிறதோ அதையே கடைசி வரைக்கும் பிடி. ஒரு கோயிலில் தொடங்கி இன்னொரு கோயிலில் சூரன் போர் பார்த்தால் கணக்குக் குழம்பும். ஸ்காபரோவில் கந்தசாமி கோயில் இருக்கிறதுதானே, ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலிலும் முருகனுக்குச் சந்நிதி இருக்கிறது. வேலைக்குக் கிட்ட எதுவோ அங்கே போ. முதல் நாள் வெள்ளனக் குளித்துத் தோய்த்த வேட்டியோடு போய், ஐயரிடம் பேரும் நட்சத்திரமும் சொல்லிச் சங்கற்பம் செய்துகொள். சங்கற்பத்துக்கு உன் பேரை மட்டும் கொடுக்காதே, பிள்ளையின் பேரையும் மருமகள் பேரையும் சேர்த்துக் கொடு. காப்பு ஆம்பிளைக்கு வலக்கையில், பொம்பிளைக்கு இடக்கையில். மருமகளுக்கும் காப்புக் கட்ட ஏலுமென்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கட்டுங்கோ. ஒரு வீட்டில் இரண்டு பேர் பிடித்தால் சமைக்கிறதும் சுகம், ஒருவருக்கு ஏலாமல் போனால் மற்றவர் பார்ப்பார்.

சாப்பாடு இப்படி வைத்துக்கொள். நீ பின்னேரம் வேலைக்குப் போவதால் பகல் பூசை முடிந்த பிறகு ஒரு பொழுது. பச்சை அரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரை, தயிர். புளியும் தூளும் குறைத்து வை. வேலைக்குள் இளநீரோ பாலோ ஒரு பழமோ எடுத்துக்கொள். தண்ணீரைக் குறைக்காதே. குளிரில் தாகம் தெரியாது, உதடு வெடித்து மூத்திரம் கடுக்கும்போதுதான் தெரியும். தேத்தண்ணீர் கோப்பியை முதல் நாளே சடுதியாக விட்டால் இரண்டு நாளைக்குத் தலை இடிக்கும், அது விரதத்தால் வருவது என்று பயந்துவிடாதே. தீபாவளிக்கு ஒரு கிழமை முந்தியே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வா. மீன் சமைத்த சட்டி, அகப்பை, பிரிட்ஜில் இருக்கிற நண்டு, எல்லாவற்றையும் முதலே ஒதுக்கு. ஒரு புதுச் சட்டி வாங்கினால் போதும், குசினி முழுக்கக் கழுவி உடம்பை முறிக்காதே. மருமகளுக்கு இதெல்லாம் தெரியும், அவளிடம் கேள். அவள் தாய் வீட்டில் வருசா வருசம் சட்டி பிடிக்கிறவர்கள்.

வீட்டில் கும்பம் வைக்கட்டுமா என்று கேட்பாய். வேண்டாம். கும்பம் வைத்தால் இரண்டு வேளையும் பூசை தவறக் கூடாது, இரவு வேலைக்காரனுக்கு அது ஏலாது. மூன்றாம் நாள் மாவிலை காய்ந்து சுருண்டு, தேங்காயில் பூஞ்சணம் பிடித்து மனதுக்குக் கஷ்டமாகப் போகும். வேல் ஒன்று போதும். எங்கட கிழக்குக் கரையில் எப்போதும் வேல்தானே. திருக்கோயில், மண்டூர், உகந்தை மூன்று ஊர்க் கோயிலிலும் கும்பிடுகிறது வேலைத்தானே. சூரனை வென்ற வேலில் இருந்து தெறித்த கதிர் மூன்றும் உகந்தை மலையிலும் திருக்கோயிலில் வெள்ளைநாவல் மரத்திலும் மண்டூரில் தில்லை மரத்திலும் வந்து தங்கியது என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. ஒரு செம்பில் பச்சை அரிசி நிரப்பி வேலை அதில் நட்டு வை. சந்தனம் ஒரு பொட்டு, செவ்வரத்தம்பூ கிடைத்தால் ஒன்று. விளக்குக்குத் தேங்காய் எண்ணெய், ஒரு திரி. கற்பூரத்தை வீட்டுக்குள் கொளுத்தாதே, உங்கட வீடுகளில் புகை மணி அடிக்கும், முழுக் கட்டடமும் இறங்கி வரும். விளக்குச் சுடரைக் காட்டினால் போதும். சரவணபவ ஆறெழுத்தை 108 தரம் சொல்லு. களைப்பென்றால் ஆறு தரம் சொல்லு, சொல்லாமல் படுக்காதே.

மண்டூரில் கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்ப் பூசை செய்வார். நாங்கள் வெளியில் நின்று அந்தத் திரையைப் பார்த்தே அழுது கேட்டு வந்தவர்கள். முகம் காட்டாத சாமியோடு கதைத்துப் பழகின எங்களுக்கு, நீ வீடியோவைப் போடாமல் கதைக்கிறது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஆனால் கதை. ஞாயிற்றுக்கிழமையாவது கதை. நீ ஊரில் உழைத்துக் கொடுத்த பேர் பெரிசு, கோயில் மண்டபத்துக் கல்லில் உன் உபயம் வெட்டியிருக்கிறது, போகிறவர்கள் வருகிறவர்கள் வாசித்துவிட்டு என்னிடம் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். நான் என்ன சொல்ல?

கந்தபுராணப் படிப்புக் கேட்க அங்கே வசதி இருந்தால் கேள். கச்சியப்பர் பாடின ஆறு காண்டத்தையும் ஆறு நாளில் கேட்க ஏலாது, யுத்த காண்டத்தில் சூரபன்மன் வதையை மட்டுமாவது கேள். ஒருவர் பாட்டை இழுத்துப் படிக்க மற்றவர் பயன் சொல்லுவார், பயன் சொல்லுகிற இடத்தில்தான் விசயம் இருக்கிறது. சூரன் கடைசி வரைக்கும் கெட்டவனாகவே நின்றான் என்று நினைக்கிறார்கள். இல்லை. முருகன் தன் பெரிய வடிவத்தைக் காட்டினபோது அவன் மனம் இளகிப் போனான். பாலன் என்று நினைத்திருந்தேனே, இவ்வளவு காலமும் விளங்காமல் போச்சே என்று அவனே சொல்லுகிறான். கால் வலம் வரட்டும், தலை வணங்கட்டும் என்று ஆசைப்படுகிறான். வடிவம் மறைந்ததும் பழைய ஆங்காரம் திரும்ப வந்துவிட்டது. இருளாகி மறைந்தான், கடலுக்குள் மாமரமாகி நின்றான். வேல் அதைப் பிளந்த பிறகும் சேவலும் மயிலுமாகச் சண்டைக்குத்தான் வந்தான். அப்போதும் முருகன் அவனை அழிக்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார். ஒன்றைக் கொடியில் வைத்தார், மற்றதில் ஏறி இருந்தார். இவ்வளவு பிழை செய்தவனைத் தள்ளி விடாமல் தன்னோடேயே வைத்துக்கொண்ட சாமிக்கு முன்னால் நின்று எதையும் சொல்லலாம் மனே. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சட்டி அன்றைக்கு வேலைக்கு லீவு போடு. மற்ற நாளில் போடாவிட்டாலும் அன்றைக்குப் போடு. அன்றைக்கு முழு உபவாசம், தண்ணீரும் இளநீரும் மட்டும். சூரன் போர் பின்னேரம். யானைத் தலைத் தாரகன், மறுகா சிங்கத் தலை, மறுகா சூரனின் சொந்தத் தலை, மாங்கொப்பு என்று சூரன் உருவத்துக்கு ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். சூரனைத் தூக்குகிறவர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிக்கொண்டு ஓடி வருவார்கள், வெறும் வயிற்றோடு அந்தச் சனத்துக்குள் நடுவில் போய் நிற்காதே. மதிலோரமாக நில். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. சின்னவனுக்குச் சிங்கத் தலை பிடிக்கும். தோளில் தூக்கிக் காட்டு.

பாரணையில்தான் கூடப் பேர் பிழை விடுகிறார்கள். ஆறு நாள் ஒடுங்கின குடலுக்குள் வடையும் பாயாசமும் பொரியலுமாகக் கொட்டி, மத்தியானத்துக்கு முதலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள். காலையில் குளித்துக் கோயிலுக்குப் போய்க் காப்பை அவிழ்த்த பிறகு, முதலில் வெந்நீர் கொஞ்சம். மறுகா பச்சை அரிசிக் கஞ்சி, உப்பு மட்டும், அரைக் கோப்பை. ஒரு மணித்தியாலம் விட்டுக் குழைந்த சோறும் பருப்பும். உறைப்பு அடுத்த நாள். அன்றைக்கே இரவு வேலைக்குப் போகாதே. காப்பு நூலைக் குப்பையில் போடாமல் ஓடுகிற தண்ணீரில் விடு, இல்லாவிட்டால் பூமரத்தடியில் வை. தொடங்கினால் ஆறு வருசம் தொடர்ந்து பிடிக்கிறது வழக்கம், அதனால்தான் சொல்லுகிறேன், ஏலக்கூடிய மாதிரியில் தொடங்கு. முதல் வருசமே தண்ணியோடே இருந்து இரண்டாம் வருசம் விட்டவர்கள் நிறையப் பேர்.

ஏழாம் நாள் திருக்கல்யாணம். இந்திரன் மகள் தெய்வானையைத் திருப்பரங்குன்றத்தில் கைப்பிடித்தது. அதைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவிடாதே. மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேருமாக நின்று பாருங்கோ. அவளுக்கு நேரம் இல்லை என்றால் நேரம் கேட்டுப் போய்க் கூட்டிக்கொண்டு வா. கதிர்காமத்துத் திருவிழா உனக்குத் தெரியும்தானே. ஒவ்வொரு இரவும் யானையின் மேல் பேழையில் ஏறிக்கொண்டு சாமிதான் வள்ளியம்மன் கோயிலடிக்குப் போகிறார். அவள் வந்து நிற்கட்டும் என்று அவர் உள்ளுக்குள் இருக்கவில்லை. முதலில் அவளைத் தேடித் தினைப்புனத்துக்குப் போனவரும் அவர்தான், வேடனாக நின்றார், வேங்கை மரமாக நின்றார், கிழவனாக நின்று தண்ணீர் கேட்டார். தேவசேனாபதிக்கு அதில் ஒரு குறைவும் வரவில்லை. இன்றைக்கும் சனம் அந்தத் தெருவில் நின்று அரோகரா என்றுதான் சொல்லுகிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை மனே. மருமகள் தங்கச்சிக்குச் சின்னவனின் படம் அனுப்புகிறாள், வடிவாக இருக்கிறான், பல் விழுந்திருக்கிறது. படத்தில் பின்னால் இருக்கிற யன்னல் சீலை உங்கட வீட்டுச் சீலை இல்லை. அதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றி வருகிறது, விதைப்பு முடிந்தது, மழை பிந்தித்தான் தொடங்கியிருக்கிறது.

திரும்பவும் சொல்லுகிறேன், தண்ணியோடே இருக்காதே. மிளகு வேண்டாம். தனியாகப் பிடிக்காதே. உனக்கு ஏதும் குளிசை தந்திருந்தால் டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதே, என்ன குளிசை என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

சித்திர வேலாயுதர் கோயில் திருநீறும், ஒரு சாண் உயரத்தில் பித்தளை வேலும், இரண்டு முழத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தம்பிலுவிலில் இருந்து ஒரு பிள்ளை அடுத்த கிழமை ரொரன்ரோவுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். அவன் கொண்டு வந்து தர வேண்டிய விலாசத்தை எழுது. பழைய வீட்டு விலாசமா வேறு விலாசமா என்று அதை மட்டும் எழுது, போதும்.

அம்மா