மிற்றனுக்குள் இருக்கும் தையல் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன குளிர்காலம் எங்களிடம் பீவர் என்ற நீர்விலங்கின் தோலில் தைத்த மிற்றன், அதாவது பெருவிரலுக்கு மட்டும் தனி இடமுள்ள கையுறை, வாங்கியவர்களில் சிலர், உள்ளே போடும் கம்பளி உறையைக் கழற்றிக் காயவைக்கும்போது தோலின் உட்பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே அரை அங்குலம், ஒரு அங்குல நீளத்தில் தையல் போட்ட இடங்கள். "பழைய கோட்டைப் பிரிச்சுத் தைச்சதோ?" என்று ஒரு அக்கா தொலைபேசியில் கேட்டார். இன்னொருவர் கடைக்கே வந்து, "கழிவு மாலோ அண்ணை?" என்று நேராகக் கேட்டார். கேட்டது நல்லது. கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம்.

பழைய கோட்டும் இல்லை, கழிவும் இல்லை. அவை வசந்தகாலத்தில் பிடித்த பீவரின் தோல்கள். தையல் இருக்கும் இடம் இன்னொரு பீவர் கடித்த இடம். அந்தச் சோடிகளின் விலை குறைவாக இருந்ததும் அதனால்தான்.

எங்களுக்குத் தோல் தருகிற பொறிக்காரர், அதாவது பொறி வைத்து விலங்கு பிடிக்கிறவர், கொக்ரேன் என்ற ஊர்ப் பக்கத்தில், ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தள்ளி, தன் பெயரில் பதிந்த பொறிப்பாதையில், அதாவது பொறி வைக்க அவருக்கென்று ஒதுக்கிய காட்டுப் பகுதியில், வேலை செய்கிறவர். அங்கே குளிர்காலம் முழுக்க பீவர் பனிக்கட்டிக்குக் கீழேதான் சீவிக்கும். சேறும் தடியும் கொண்டு கட்டிய வீட்டுக்குள் குடும்பமாக இருந்துகொண்டு, இலையுதிர் காலத்தில் தண்ணீருக்குள் சேர்த்துவைத்த கிளைகளின் பட்டையைத் தின்னும். அப்போது பிடிக்க வேண்டுமென்றால் நீளப் பிடி போட்ட இரும்பு உளியால் பனிக்கட்டியைக் குத்தி உடைத்து, அந்தத் துளைக்குள் பொறியை இறக்க வேண்டும். அடுத்த முறை போய்ப் பார்ப்பதற்குள் துளை திரும்ப உறைந்திருக்கும். ஆளை முறிக்கிற வேலை.

ஏப்ரலில் ஓடைகள் திறந்ததும் கதை மாறிவிடும். இரண்டு வயதான பீவர்கள் பிறந்த வீட்டை விட்டுப் புது இடம் தேடிப் புறப்படும் காலம் அது. போகிற வழியெல்லாம் வேறு குடும்பங்களின் எல்லை. எல்லைக்குச் சொந்தமான பீவர் கரையோரம் சேற்றையும் அழுகல் இலையையும் அள்ளிக் குவித்து, வாலடிப் பையிலிருந்து காஸ்டோரியம் என்ற திரவத்தை அதன்மேல் விட்டுவைக்கும். பதப்படுத்திய தோலும் இனிப்பும் கலந்த மாதிரி ஒரு கனத்த மணம். வாசனைத் திரவியம் செய்கிறவர்கள் இன்றும் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் பாருங்கள். மணத்தை மதிக்காமல் உள்ளே வருகிற பீவருக்குக் கடி விழும், பெரும்பாலும் பின்பக்கத்திலும் வாலிலும். மரத்தையே அறுத்து விழுத்துகிற பல் அது. எனாமலில் இரும்பு சேர்ந்திருப்பதால் முன்பற்கள் செம்மஞ்சளாக இருக்கும். தோலில் பட்டால் ஆழமாகத்தான் இறங்கும்.

பொறிக்காரரும் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார். கனூ என்ற சிறு படகில் போய், கரையோரம் தானே ஒரு சேற்றுக்குவியல் செய்து, அதில் கொஞ்சம் காஸ்டோரியம் தடவிவிடுவார். யாரோ அந்நியன் வந்துவிட்டான் என்று அந்த இடத்துப் பீவர் விசாரிக்க வரும். அது வருகிற தண்ணீர் வழியில் பொறி இருக்கும். அவர் வைப்பது 330 என்ற எண்ணுள்ள சதுரப் பொறி, பக்கத்துக்கு 10 அங்குலம். அதை வடிவமைத்த ஃபிராங்க் கோனிபேரும் வடக்கில் பொறி வைத்துச் சீவித்தவர்தான். கால் அகப்பட்டு விலங்கு துடித்துக் கிடப்பதைப் பார்த்துச் சகிக்காமல், உடனே கொல்லும் பொறி வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக மினக்கெட்டவர். மனிதாபிமானப் பொறிகள் பற்றி 1997 இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு கனடா ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. பீவரும் அதற்குள் அடங்கும். சான்று பெற்ற பொறியைத்தான் வைக்கலாம்.

வசந்தகாலத் தோல் என்றால் ரோமம் கொட்டியிருக்குமே என்று கேட்பீர்கள். தெற்கில் அப்படித்தான். கொக்ரேனில் பனி கரைந்த தண்ணீர் அப்போதும் விறைக்கிற குளிர். பீவர் குளிர்காலக் கோட்டைச் சட்டென்று கழற்றுவதில்லை. அதன் ரோமம் இரண்டு அடுக்கு: மேலே நீளமான, முரட்டு, மினுங்குகிற ரோமம், அடியில் தண்ணீரை உள்ளே விடாத மெல்லிய நெருக்கமான ரோமம். கையைச் சூடாக வைத்திருப்பது அடிரோமம். வசந்தம் ஏற ஏற முதலில் கெடுவது மேல்ரோமம். வெயிலில் நிறம் மங்கி, நுனி கருகினமாதிரி ஆகும். அடிரோமம் அதற்குப் பிறகும் சில கிழமைகள் இறுக்கமாகவே இருக்கும். அதனால் வசந்தகாலத் தோல் பார்வைக்கு ஒரு படி குறைவு, சூட்டுக்குக் குறைவில்லை.

மே நடுப்பகுதிக்குப் பிறகு பிடித்ததை நாங்கள் வாங்குவதில்லை. அதற்குப் பிறகு அடிரோமமும் தளர்ந்துவிடும், சீப்பு வைத்தால் கையோடு வரும். மற்றக் காரணம், மே கடைசியிலும் யூனிலும் பீவர் குட்டி போடுகிறது. அதற்கு முன் அகப்படுகிற பெட்டைகளிலும் சினைப்பட்டவை இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பால்குடிக் குட்டிகளைத் தாயில்லாமல் வீட்டுக்குள் விடுகிற தோல் எங்களுக்கு வேண்டாம் என்று பொறிக்காரரிடம் சொல்லியிருக்கிறோம். அவருக்கும் அதில் மறுபேச்சில்லை.

பிடிப்பதைவிடப் பெரிய வேலை அதற்குப் பிறகுதான். முதலில் குளிர்ந்த தண்ணீரில் சேற்றையும் இரத்தத்தையும் கழுவி, ரோமத்தைச் சீவி, காயவிட வேண்டும். பிறகு கீழுதட்டிலிருந்து வாலடிவரை வயிற்றின் நடுவால் ஒரே நேர்கோட்டில் வெட்டு. கால்களை மூட்டில் வெட்டிவிட்டு, கால்த்தோலை நீளவாக்கில் கீறாமல் அந்த வட்டத் துளை வழியே காலை உருவி எடுக்கிறார்கள். அதனால்தான் முழுத் தோலில் நாலு துளை இருக்கும். மிற்றனுக்குள் சில இடங்களில் கொஞ்சம் பெரிய, வட்டமாகச் சுருக்கிய தையல் பார்த்திருந்தால், அது கடியில்லை, கால் இருந்த இடம்.

மற்ற விலங்குகளின் தோலைப் பிடித்து இழுத்தால் வரும். பீவர் அப்படியில்லை. முற்றின தேங்காய்ச் சொட்டு சிரட்டையைப் பிடித்திருப்பதுபோல, கொழுப்பும் சவ்வும் தோலைப் பிடித்திருக்கும். அங்குலம் அங்குலமாகக் கத்தியால்தான் பிரிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் முதலில் கொழுப்போடு சேர்த்து உரித்துவிட்டு, பிறகு சாய்வாக நிறுத்திய மரக்குற்றியின் மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் தள்ளித் தள்ளிச் சுரண்டுவார்கள். குற்றியில் ஒரு சிராய் இருந்தால், அல்லது தோலுக்கு அடியில் ரோமத்தில் ஒரு முள் சிக்கியிருந்தால், கத்தி அந்த இடத்தில் தோலை அறுத்துக்கொண்டு போய்விடும். சீவிக் கழுவாமல் சுரண்டத் தொடங்கக்கூடாது என்பது இதனால்தான். கடிபட்ட இடங்களில் ஆறின தழும்பு தடித்திருக்கும், ஆறாதது மெலிந்திருக்கும். அங்கே கத்தியைக் கொஞ்சம் அழுத்தினாலும் துளை. நல்ல பொறிக்காரர் அந்தத் துளையைத் தோல் ஈரமாக இருக்கும்போதே நூலால் மூடிவிடுவார். காய விட்டால் துளை விரிந்து வாய் பிளந்துவிடும்.

பிறகு பலகை. கட்டுப்பலகையில் அளவுக்கு அளவு நீள்வட்டக் கோடுகள் வரைந்திருக்கும். ரோமம் பலகைப் பக்கம், தோல் வெளியே. மூக்கில் ஓர் ஆணி, வாலடியில் ஓர் ஆணி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பிறகு இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே வரவேண்டும். ஆணிக்கு ஆணி ஓர் அங்குலத்துக்கு மேல் போனால் ஓரம் பல்லுப் பல்லாக இழுபடும். ஒரு பெரிய தோலுக்கு எத்தனை ஆணி என்று நினைத்துப் பாருங்கள். எல்லாம் அடித்து முடித்த பிறகு, ரோமத்துக்கு அடியில் காற்றுப் போகும்படி தோலை ஆணியில் கொஞ்சம் மேலே தூக்கிவிட வேண்டும். கசிகிற எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுப்பார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் காயும்தான், ஆனால் கொழுப்பு தோலுக்குள் வெந்துபோகும். அப்படி வெந்த தோலை எந்தப் பதப்படுத்தலும் மீட்காது. குளிர்ந்த அறையில் ஒரு கிழமை அளவில் காயவிடுவதுதான் முறை.

இழுப்பதிலும் ஒரு கை அளவு உண்டு. தோலின் அளவு நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் கூட்டி வருவது. 65 தாண்டினால் பிளாங்கெட் என்பார்கள், விலையும் ஏறும். அந்த ஆசையில் கூட இழுத்தால் ரோமம் ஐதாகிவிடும். தரம் பிரிக்கிறவர் தோலை ஊதிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். வடக்கில் இப்படிக் காய்ந்த தோல்களில் பெரும்பகுதி நோர்த் பேயில் பொறிக்காரர்களுக்கே சொந்தமான ஏல நிலையத்துக்குப் போகிறது. கடிபட்ட தோல்கள் அங்கே கீழ்த்தரத்தில் விழும். அவற்றைத் தொப்பிக்காரர்கள் வாங்குவார்கள். ரோமத்தை வழித்தெடுத்து, அழுத்திச் சேர்த்து ஃபெல்ட் என்ற தொப்பித் துணி செய்கிறவர்களுக்குத் தோலில் ஓட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இன்றைக்குப் பீவர் விலையைத் தாங்கிக்கொண்டிருப்பதே கௌபோய்த் தொப்பிதான்.

நாங்கள் ஏலத்துக்குப் போவதில்லை, பொறிக்காரரிடம் நேரே எடுக்கிறோம். அங்கிருந்து பதப்படுத்துகிற இடத்துக்குப் போய், உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறி, பதமேறி, எண்ணெய் பூசி, மரத்தூள் போட்ட பெரிய உருளைக்குள் சுழன்று வரும்போது அது துணியைப்போல மடிகிற தோலாகியிருக்கும். எங்கள் மேசைக்கு வந்ததும் முதல் வேலை, உட்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது. பால்வெள்ளையாக இருந்தால் ரோமம் முற்றிய காலத்தில் பிடித்தது. நீலம் கறுப்பாகத் திட்டு இருந்தால் முற்றுமுன் பிடித்தது, அது திரும்பிப் போகும். கடித்தழும்புகளைச் சோக்கால் குறித்து, பெரியவற்றைத் தவிர்த்து வெட்டுகிறோம். சின்னவற்றைக் கண் வடிவில் வெட்டியெடுத்து, ரோமம் தையலுக்குள் அகப்படாமல் ஊசி நுனியால் ஒதுக்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கிறோம். வெளியே ரோமம் மூடிவிடும். தையல் விடுமா என்று கேட்டால், இதுவரை திருத்தத்துக்கு வந்த சோடிகள் எல்லாம் பெருவிரல் மடிப்பில் பிய்ந்தவை. தழும்புத் தையலில் பிய்ந்து எதுவும் வரவில்லை.

எல்லாத் தழும்பையும் தவிர்த்து வெட்டினால் ஒரு தோலில் பாதி வீணாகும், அந்தக் காசும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே இந்த வருடம் இரண்டு தட்டாக வைக்கிறோம். பனிக்கட்டிக்கு அடியில் பிடித்த குளிர்காலத் தோல் ஒன்று. மினுக்கம் கூட, தையல் குறைவு, விலை கூட. வசந்தகாலத் தோல் மற்றது. விடியப்புறம் பேப்பர் போடுகிறவர்களுக்கும் ட்ரக் ஓட்டுகிறவர்களுக்கும் இரண்டாவதைத்தான் சொல்வோம். கலியாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சாமான் இல்லையே.

பழைய தோலோ என்று கேட்ட அக்காவுக்கு ஒரு சங்கதி. 1670 இல் ஹட்சன்ஸ் பே கம்பனி என்ற தோல் வியாபாரக் கம்பனி தொடங்கிய காலத்தில், பழங்குடி மக்கள் ஒரு குளிர்காலம் இரண்டு குளிர்காலம் உடுத்துக் கழித்த பீவர் தோலுக்குத்தான் புதுத் தோலைவிடக் கூடிய விலை. உடம்பு எண்ணெய் பட்டு, உரசுப்பட்டு, மேல்ரோமம் தானாக உதிர்ந்திருக்கும். தொப்பிக்காரருக்கு வேலை மிச்சம். எங்களிடம் அந்த மாதிரிச் சரக்கு இல்லை.

உயிரைக் கொன்று எடுத்த தோலைப் போட மனம் ஒப்பவில்லை என்று சொல்கிறவர்களும் எங்கள் வாடிக்கையாளர்கள்தான். அவர்களை மாற்றிப் பேச நாங்கள் வரவில்லை, கம்பளி மிற்றனும் தட்டில் இருக்கிறது. பீவர் அழிந்துபோகிற விலங்கா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம். தொப்பி மோகத்தால் ஒருகாலம் பல இடங்களில் இல்லாமலே போயிற்று. பிறகு தடைக்காலமும், பொறிப்பாதைக்கு ஒருவர் என்ற முறையும், மீள்குடியேற்றமும் வந்து, இன்று வீதிக்குக் கீழே தண்ணீர் போகிற குழாய்களை அடைத்து வெள்ளம் வரவைக்கிற அளவுக்குப் பெருகியிருக்கிறது. ஒன்ராறியோவில் பொறி வைக்கப் படிப்பும் உரிமமும் வேண்டும். எங்கள் பொறிக்காரர் வீட்டில் இறைச்சியும் வீண்போவதில்லை.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. நனைந்தால் உதறுங்கள், தண்ணீர் பெரும்பாலும் மேல்ரோமத்தோடு போய்விடும். கம்பளி உறையைத் தனியே எடுத்து, மிற்றனை வாய் கீழ்ப்பக்கமாக அறைச் சூட்டில் தொங்கவிடுங்கள். வெப்பக்காற்று வருகிற வென்ட்டின் மேலோ ட்ரையரிலோ போட்டால் தோல் பப்படமாகிவிடும், அதைத் திருத்த எங்களாலும் முடியாது. வீதி உப்புப் பட்ட உள்ளங்கைப் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கோடையில் பிளாஸ்ரிக் பைக்குள் கட்டிவைக்காமல் பருத்திப் பையில் போட்டுக் குளிர்மையான இடத்தில் வையுங்கள்.

இந்த வசந்தத்தில் எடுத்த தோல்கள் பதப்படுத்தலில் இருக்கின்றன. செப்ரெம்பர் கடைசியில் தையல் தொடங்கும். தழும்பில்லாத சோடிதான் வேண்டும் என்பவர்கள் அதற்கு முன் சொல்லிவைத்தால், வெட்டும்போதே ஒதுக்கிவைக்கலாம். கை அளவு தெரியாதவர்கள் ஒரு தாளில் கையை வைத்துக் கோடு போட்டுக்கொண்டு வந்தால் போதும், பெருவிரலை நன்றாக விரித்துப் போடுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து