சம்மாந்துறைக் காக்காவுக்கும், கைகொடுத்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். அக்கா களுவாஞ்சிகுடிக்கு வந்து சேர்ந்துவிட்டா. இரவு இடியப்பமும் சொதியும் கேட்டுச் சாப்பிட்டா. சொதியில் உப்புக் காணாது என்று என் மனைவியிடம் குறையும் சொன்னா. அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இதுக்கு மேல் சுகச் செய்தி தேவையில்லை.

அக்காவின் தலைக்குள் இரத்தக் குழாய் ஒன்று வெடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

அந்த இரவில் வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்த காத்தான்குடித் தம்பி, டீசல் காசைச் சட்டைப்பையில் திணித்தும் திருப்பித் தந்துவிட்டார். எதிர்வீட்டு மாமி அக்காவின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறு கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பினா. கொழும்பில் எங்களைத் தங்கவைத்த உறவுகள், இரத்தம் கொடுத்த பொடியன்கள், மாமாங்கக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் வேண்டிக்கொண்டவர்கள், டொக்டர்மார், கண் மூடாமல் பார்த்த தாதி மிஸ்மார், தள்ளுவண்டி தள்ளிய அண்ணன்மார் என்று பட்டியல் நீளும். யாரையும் மறக்கவில்லை. ஊரில் உள்ளவர்களை வீடு தேடி வந்து பார்ப்பேன்.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். படம் எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறவர், சம்மாந்துறைக்காரர். காக்கா என்று, அதாவது அண்ணன் என்று, நான் கூப்பிடுவது இவரைத்தான்.

வெடித்த குழாயை அடைத்தாயிற்று என்றதும் நீங்கள் பலர் சந்தோசமாகப் போன் எடுத்தீர்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உண்மையான பயம் தொடங்கியது. மூளையைச் சுற்றிக் கசிந்த இரத்தம் கரையும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல நாடிகளை, அதாவது மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களை, சீண்டுமாம். அவை சுருங்கிக்கொள்ளும். வாசோஸ்பாசம் என்கிறார்கள். 3ஆம் 4ஆம் நாளில் தலைகாட்டி, 7க்கும் 10க்கும் இடையில் உச்சத்துக்குப் போய், இரண்டு கிழமை தாண்டத்தான் மெல்ல அடங்கும். அதற்காகத்தான் 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவு பகல் பாராமல், 21 நாளைக்கு நிமோடிபின் குளிசை.

அக்காவுக்குப் பேச்சுக் குழறி வலது கை சோர்ந்த அன்று மறுபடியும் அஞ்சியோகிராமுக்குக் கொண்டுபோனார்கள், நாடிக்குள் மருந்து ஏற்றிப் படம் எடுப்பதற்கு. நான் வெளியே வாங்கில் இருந்தேன். யாரைக் கேட்டாலும் “பார்ப்பம்” என்ற ஒரு பதில்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை, தலைக்கு மேல் வேலை. என்றாலும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருப்பது லேசில்லை.

வேலை முடிந்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்து, “எந்த ஊர் தம்பி?” என்றார். சொன்னேன். மணிக்கூட்டைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரம் போலும். பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போய், டொக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப் போனார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரை. அதில் அக்காவின் தலைக்குள் ஓடும் குழாய்கள் மட்டும் தெரிந்தன, மண்டையோட்டைக் காணோம். படத்தில் தெரியும் மருந்தை ஏற்றுவதற்கு முதல் எடுத்த படத்தைப் பிறகு எடுத்த படத்திலிருந்து கணினி கழித்துவிடுமாம். எலும்பு போய்விடும், மருந்து ஓடும் குழாய் மட்டும் கறுப்பாக மிஞ்சும். “இப்ப எண்ணுங்க” என்று முதல் ஓட்டத்தைப் போட்டார். கழுத்து நாடியில் கறுப்பு ஏறியதும் பெருவிரலை மடக்கினார். அடுத்த செக்கனுக்கு அடுத்த விரல். சுகமான மூளையில் ஒரு சில செக்கனில் மருந்து, இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்துக்கு வந்துவிடும். இங்கே ஒரு கை விரல்கள் மடங்கி முடிந்தும் நாளம் வெள்ளையாகவே கிடந்தது.

“பெரிய குழாய் சுருங்கினாக் கண்ணுக்குத் தெரியும். உள்ளுக்குள்ள மயிர் மாதிரிக் குழாய்கள் சுருங்கினாத் தெரியாது. வாய்க்கால்ர அகலத்த மட்டும் பார்த்துச் சொல்ல ஏலா தம்பி. மதகு திறந்து கடைசி வயல் வட்டைக்குத் தண்ணி வர எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பார்க்கணும்.” நானும் வயல்காரன். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு அந்த நேரத்துக்காகத்தான் போகத்துக்குப் போகம் சண்டை பிடிக்கிறேன். அதுக்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு இரண்டாவது ஓட்டம். குழாய்க்குள்ளேயே விரிக்கிற மருந்து கொடுத்தபின் எடுத்தது. சின்னவிரல் மடங்குவதற்கு முதலே நாளம் கறுத்துவிட்டது. நான் அழுதுவிட்டேன். அவர் திரையைப் பார்த்தபடியே, “நல்ல அறிகுறிதான், ஆனா இன்னும் நாள் கிடக்கு, திரும்பவும் சுருங்கலாம்” என்றார். “அடிக்கடி கதை கொடுங்க, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க, சின்ன வித்தியாசம் எண்டாலும் உடனே மிஸ்ஸுக்குச் சொல்லுங்க.” பஸ் போயிருக்கும். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னபடியே செய்தோம். ஒரு இரவு அக்கா தன் மகளின் பெயரைத் தடுமாறிச் சொன்னா. உடனே மிஸ்ஸிடம் ஓடினோம். பிரஷரைக் கூட்டினார்கள். ஆம், கூட்டினார்கள். எங்களுக்கும் திடுக்கென்றுதான் இருந்தது. வெடித்த இடம் அடைபட்டபின், சுருங்கிய குழாய்க்குள்ளால் இரத்தத்தைத் தள்ள அதுவும் ஒரு வழியாம். விடிய அக்கா மகளை ஒழுங்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா.

மூளை நாடிகளைப் படம் எடுப்பதை எகாஸ் மோனிஸ் என்பவர் 1927இல் லிஸ்பனில் தொடங்கினாராம். இரத்தக் கசிவுக்குப் பிறகு நாடி சுருங்குவதைப் படத்தில் காட்டி எழுதியது 1951இல்தானாம். என் மகன் தேடிப் படித்துச் சொன்னான். அதற்கு முதல் எத்தனை வீட்டில், தேறி வந்தவர் திடீரென்று ஏன் போனார் என்று தெரியாமலே அழுதிருப்பார்கள்!

எனக்கும் பிரஷர் இருக்கிறது. குளிசையை இனி ஒரு நாளும் தவறவிட மாட்டேன். பீடியையும் விட்டுவிட்டேன். நம் பக்கத்தில் யாருக்காவது இந்த வருத்தம் வந்து, வாட்டு வாசலில் ஒன்றும் விளங்காமல் நின்றால் எனக்குச் சொல்லுங்கள். நான் டொக்டர் இல்லை, வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த நாட்கள் கவனம், எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்லுவேன். போன் எந்த நேரமும் எடுக்கலாம்.

காக்கா, உங்களுக்கு என்ன தருவது என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. வயல் ஊரான சம்மாந்துறைக்கு நெல் கொண்டுவந்தால் ஊரே சிரிக்கும். ஆகவே மட்டக்களப்பு வாவி இறால் என்று முடிவாகிவிட்டது. லீவில் வரும் நாளை மட்டும் சொல்லுங்கள், அன்று காலையில் பிடித்ததாகவே கொண்டுவருகிறேன். அக்காவும் வருவா. கறிக்கு உப்புப் பார்க்கிற வேலையை அவவிடம் கொடுத்துவிடுங்கள்.