போனஸ் வரும் முன்னே ஒரு தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கிவிட்டால் திருப்பூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் எந்த டீக்கடையிலும் போனஸ் பேச்சுதான். சட்டப்படி 8.33 சதவீதத்துக்குக் குறையாமல், 20 சதவீதத்துக்கு மிகாமல் வரும் அந்தப் பணம், பல வீடுகளில் பத்து நாள்கூடத் தங்குவதில்லை. நோம்பிக்கு (பண்டிகைக்கு) செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் பணம் வருவதற்கு முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, நமக்கு எது முக்கியம் என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

'பிள்ளைகள் படிப்பு' என்று மொட்டையாக எழுதினால் போதாது. 'மகள் கல்லூரிக் கட்டணம், இன்னும் மூன்று வருடத்தில், 80,000 ரூபாய்' என்று எழுதினால்தான் அது கணக்கு. 156 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 513 ரூபாய். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மாதக் கணக்கு சரிப்படாது, வாரக் கணக்குதான் கைகொடுக்கும்.

வாரச் சம்பளத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. வருடத்தில் குறைந்தது நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வரும். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் நான்கு சம்பளத்துக்குள் அடக்கிவிட்டால் அந்த ஐந்தாவது சம்பளம் முழுசாக நிற்கும். வாரம் 4,500 வாங்குகிறவருக்கு வருடத்தில் 18,000. நாள்காட்டியில் அந்தச் சனிக்கிழமைகளை இப்போதே வட்டமிட்டு வைக்கலாம். ஆர்டர் இல்லாமல் கம்பெனி நிற்கும் வாரங்களுக்கு முதலில் இதைத்தான் ஒதுக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் நகை அடகுக்குப் போகும்.

சீட்டு விஷயத்தில்தான் நம் ஊரில் பெரிய குழப்பம். ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஒருவர் ஏலத்தில் 30,000 தள்ளி, அதாவது அவ்வளவு தொகையை விட்டுக்கொடுத்து, 70,000க்கு எடுக்கிறார். தள்ளியதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 ஆளுக்கு 1,250 கழிவாக வருகிறது. அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். கழிவு மாதாமாதம் சீராகக் குறைந்து கடைசி மாதம் இல்லாமல் போனால், ஒவ்வொருவரும் மொத்தம் கட்டுவது 87,500. முதலில் எடுத்தவருக்கு இது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் 35 காசு வட்டிக்கு வாங்கிய கடன். கடைசியில் 95,000 வாங்குகிறவருக்கு மாதம் 90 காசு வட்டி தரும் சேமிப்பு. எடுக்கும் மாதத்தை மனதில் முடிவு செய்யாமல் சீட்டில் சேர்ந்து, அக்கம்பக்கத்தார் கேட்கிறார்களே என்று மூன்றாம் மாதமே தள்ளி எடுத்து வண்டி வாங்கினால், சேமிக்க வந்தவர் கடன்காரராகிவிடுகிறார்.

சேரும் முன் சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். பதிவு எண், ஒப்பந்த நகல், பாஸ்புத்தகம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பதிவான சீட்டில் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2019 திருத்தத்துக்குப் பிறகான விதி. பலகாரச் சீட்டு, பட்டாசுச் சீட்டு என்று நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டு வசூலிப்பவர் நோம்பிக்கு முதல் வாரம் ஊரைவிட்டுப் போனால், நம்மிடம் காட்டக் காகிதமே இருக்காது. ஈமுக் கோழி வளர்ப்புத் திட்டத்தில் பணம் போட்டு 2012இல் பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பம் தவித்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

கடனில் 'பிளாட் வட்டி' என்ற சொல்லைக் கேட்டால் நிதானிக்க வேண்டும். ஒரு லட்சம், 12 சதவீதம், 24 மாதம் என்றால் வட்டி 24,000, தவணை 5,167. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கே போடப்படுவதால், உண்மை வட்டி வருடத்துக்குச் சுமார் 21.6 சதவீதம். போனஸை முதலில் இப்படிப்பட்ட கடனில் கட்டுவது எந்த வைப்புத் தொகையையும்விட லாபம். கட்டும் முன், முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். விசைத்தறி முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்கும் முன்பணத்துக்கு வட்டியில்லைதான். ஆனாலும் அது பாக்கி இருக்கும்வரை கூலி அதிகம் தரும் பட்டறைக்கு மாற முடியாது. அந்தச் சுதந்திரம் முக்கியம் என்று நினைக்கிறவர்கள் அதையே முதல் வரியில் எழுதட்டும்.

மொய்யும் சீரும் நம் மதிப்பு, அதை விடச் சொல்லவில்லை. மொய் நோட்டில் நமக்கு வந்த தொகைகள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால், அந்த வருடம் எத்தனை கல்யாணம் என்று தை மாதமே எண்ணி வாரக் கணக்கில் சேர்த்துவிட்டால் முகூர்த்த மாதத்தில் வட்டிக்கு ஓட வேண்டாம்.

பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆகும் முன்பே செல்வமகள் கணக்கைத் தபால் நிலையத்தில் 250 ரூபாயில் தொடங்கலாம். 15 வருடம் கட்டினால், கணக்கு தொடங்கி 21 வருடம் முடிந்ததும் முதிரும்.

பின்னலாடை, விசைத்தறி முதலாளிகளிடம் ஒரு கோரிக்கை: போனஸை நோம்பிக்கு மூன்று வாரம் முன்பே வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் ரொக்கமாகக் கொடுத்தால், மேற்சொன்ன தாளை எழுத யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அவிநாசி