எபிக்டெட்டஸை அனுப்பிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அப்பாவின் ஆண்டு நினைவுநாள் வருவதற்குள் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். மேல்விளை ரப்பர் தோட்டத்தில் பட்டை மரத்துப்போய்ப் பால் நின்ற மரங்களுக்குப் பால்வெட்டை நிறுத்தியாச்சு. மீதியுள்ள பழைய மரங்களுக்கு இனிமேல் மூன்று நாளுக்கு ஒரு வெட்டுதான். ஒக்கி புயலுக்குப் பிறகு வைத்த இளமரங்களில் இந்த வருஷம் கத்தி வைக்கப்போவதில்லை.

உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் "யோசிப்போம் அக்கா" என்பாய். நீ யோசிக்கிற ஒவ்வொரு வாரமும் பட்டையில் வெட்டு விழுந்துகொண்டே இருக்கும். "எண்ணித் துணிக கருமம்" என்று நீயே எத்தனை தடவை ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாய். எண்ணியாச்சு, துணிந்தாச்சு.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வருகிறது. இங்கே நாலு பேர் படிப்பார்கள் என்ற நினைப்பாவது வாயைக் கட்டும். தொகை, பங்கு, நீ நேரே பேசிய அந்த போன் கால், இது எதையும் இங்கே எடுக்கமாட்டேன். பெரியப்பா வீட்டிலும் படிக்கிறார்கள். நீ அனுப்புகிற பொன்மொழிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அவற்றை இந்த விளைக்குள் கொண்டுவந்து.

மரம் பால் விடவில்லை என்று சொன்ன அன்று நீ அனுப்பியது பழைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸ் சொன்னது: "சில விஷயங்கள் நம் கையில் உள்ளன, சில நம் கையில் இல்லை." நல்ல வாக்கியம். ஆனால் பாதியிலே நிறுத்திவிட்டாய். அது அவருடைய கையேட்டின் முதல் வரி. அவர் கைப்பட எழுதியதும் இல்லை, மாணவர் அர்ரியன் குறித்து வைத்தது. அடுத்த வரியிலேயே பட்டியல் வருகிறது. நம் கருத்து, முனைப்பு, ஆசை, வெறுப்பு இவை நம் கையில். உடல், சொத்து, பேர், பதவி இவை நம் கையில் இல்லை. பார்த்தாயா, சொத்து என்று அவரே சொல்கிறார், அப்படியானால் விளையும் நம் கையில் இல்லை என்று நீ என்னை மடக்கலாம். மடக்கு. ஆனால் ஆசை எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார். இன்னும் கொஞ்சம் பால் வேண்டும் என்ற ஆசை முழுக்க முழுக்க நம் பக்கம். அடிமையாகப் பிறந்த மனுஷன் அவர். கையில் இல்லாததைத் தள்ளிவிட்டு, இருப்பதை விடாமல் பிடிப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். பொறுப்பிலிருந்து நழுவ வழிகாட்டவில்லை.

இந்த வாக்கியத்தைப் பயன்படுத்த ஒரு தாள் போதும். நடுவில் கோடு போடு. ரப்பர் ஷீட் விலை, மழை, காற்று எல்லாம் வலது பக்கம். வெட்டுகிற நாள், வெட்டின் ஆழம், பட்டையில் பூசுகிற மருந்து எல்லாம் இடது பக்கம். இதுவரை யாரும் எழுதிவிடுவார்கள். தப்பு நடப்பது இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிற விஷயங்களில்தான். ஜூன், ஜூலை மழையில் பூஞ்சணம் வந்து இலை கொட்டுகிறதே, அது வருவது நம் கையில் இல்லை. மழைக்கு முன்னாலே பூஞ்சண மருந்தான 1 சதவீத போர்டோ கலவை அடித்தோமா என்பது நம் கையில். அதனால் 'இலை உதிர்வு' என்று ஒரே வார்த்தையாக எழுதக்கூடாது, இரண்டாகப் பிளந்து எழுத வேண்டும். வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, சர்க்கரை வியாதி எதை எடுத்தாலும் இப்படிப் பிளக்கத்தான் வேண்டும். முழுசாகத் தூக்கி ஒரு பக்கம் போட்டால் ஒன்று வீண் கவலை, இல்லையென்றால் வீண் சமாதானம்.

2017 நவம்பர் 30 ஒக்கி வலது பக்கம். அன்றைக்கு அப்பா ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. வேரோடு விழுந்தது எது, நடுவில் முறிந்தது எது, கொம்பு மட்டும் போனது எது என்று பிரிக்க ஆரம்பித்தாரே, அங்கேதான் இடது பக்கம் தொடங்கியது. பட்டை மரப்பு ஒக்கி மாதிரி வானத்திலிருந்து வரவில்லை தம்பி. இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தை அனுப்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ எட்டாம் வகுப்பு படித்தபோது வலியறிதல் அதிகாரம் மனப்பாடம். கீழ்விளையில் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு அப்பா வெட்டிக்கொண்டிருந்தார், நீ பின்னாலே நடந்து "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்" என்று ஒப்பித்தாய். அப்பா அர்த்தம் கேட்டார். மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்றாய். சரி என்று கத்தியை உன் கையில் தந்தார். இடமிருந்து வலமாகச் சாய்ந்து, 30 டிகிரி சரிவில் வெட்டு இறங்கும். ஒரு சீவல் ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே, பட்டை உண்டாகிற தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது அந்த ஓரத்தில்தான், அதனால் ஆழம் போகப்போகப் பால் கூடும், கையும் இன்னும் கொஞ்சம் என்று தானாகவே இறங்கும். உன் கை இறங்கிவிட்டது. வெள்ளை மரம் தெரிந்தது. நீ பயந்து அப்பா முகத்தைப் பார்த்தாய். அவர் திட்டவில்லை. காயத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது இன்னைக்குத் தெரியாது மக்களே, பட்டை திரும்பி வரும்போ தெரியும்" என்றார்.

இரண்டு பக்கப் பட்டையும் வெட்டித் தீர்ந்து, வளர்ந்த புதுப்பட்டைக்குக் கத்தி திரும்பி வர ஏறக்குறைய 10 வருஷம் ஆகும். வந்தபோது அந்த இடத்தில் முண்டு. சீவல் ஒழுங்காக ஓடாமல் கத்தி துள்ளுகிறது, பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழிகிறது. இப்போதும் அப்படித்தான். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் குறளை அன்றைக்கு உன் மணிக்கட்டே படித்தது. அதைவிட நன்றாக யாரும் படித்திருக்க முடியாது.

அப்படிப் படித்த நீதான் மாதாமாதம் ஏன் குறைகிறது என்று நெருக்கினாய். அந்த நெருக்கலில்தான் தினவெட்டு வந்தது.

ஒரு வெட்டுக்குப் பிறகு பால்குழாய் மறுபடி நிறைய 2, 3 நாள் வேண்டும். நம் மரம் எல்லாம் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105. கோட்டயத்து ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ரகம். பால் அதிகம், அதே அளவுக்குப் பட்டை மரப்பும் சீக்கிரம் வரும். அதற்காகத்தான் இந்த ரகத்துக்கு மூன்று நாளுக்கு ஒரு வெட்டு என்று ரப்பர் வாரியமே சொல்கிறது. தினமும் வெட்டினால் முதலில் நஷ்டம் தெரியாது. கப்பில் அளவு கூடக் கூடும். ஆனால் பால் தண்ணீராகும், வெயில் ஏறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும், ஷீட்டின் எடை இறங்கும். எத்திஃபான் பூசினால் இன்னும் மோசம். அந்த மருந்து பாலை உண்டாக்குவதில்லை, குழாயின் வாய் அடைபடாமல் நீட்டி வைக்கிறது, அவ்வளவுதான். அளவோடு, இடைவெளி விட்டுப் பூச அதற்கு முறை இருக்கிறது. தினவெட்டோடு சேர்த்துப் பூசுவது முறையே இல்லை. பிறகு வெட்டுக்கோட்டில் ஒரு துண்டு காயும், பட்டை பழுப்பாகும், வெடிக்கும். ஒவ்வொரு நாள் வெட்டும் ஒவ்வொரு மயிலிறகு. எந்த இறகில் அச்சு முறிந்தது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அதனால்தான் வள்ளுவர் இரும்பையும் கல்லையும் விட்டுவிட்டு மயிலிறகைச் சொன்னார். அதே அதிகாரத்தில் நாலு குறள் தள்ளி, "அளவறிந்து வாழாதான் வாழ்க்கை உளபோல இல்லாகித் தோன்றாக் கெடும்" என்று வருகிறது. ஒரு குறளை எடுக்கும்போது மற்ற ஒன்பதையும் வாசி. தனியாகப் பிய்த்து எடுத்தால் நம் இஷ்டத்துக்கு வளையும்.

"நோய்நாடி நோய்முதல் நாடி" என்ற குறளையும் அனுப்பியிருந்தாய், ஏதாவது மருந்து அடி என்ற அர்த்தத்தில். அதில் மருந்து மூன்றாவதாகத்தான் வருகிறது. முதலில் நோய் எதுவரை என்று பார்த்தோம். வெட்டுக்கோட்டுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சம் தள்ளி ஆணியால் குத்தினால் பால் கசிகிற இடம் தெரியும், காய்ந்த இடத்தின் எல்லை அது. சில மரத்தில் கை அகலம், சிலதில் வெட்டுக்கோடு முழுவதும். நோய்முதல் எது என்று மேலே சொல்லியாச்சு. தணிக்கும் வழி ஓய்வுதான். மரத்த பட்டையைப் பால் விடவைக்கிற நிச்சயமான மருந்து எதுவும் இல்லை. கடைக்காரர் இருக்கிறது என்பார், வாங்காதே. ஓய்வுக்குப் பிறகு மறுபடி குத்திப் பார்த்து, ஈரமுள்ள பக்கத்தில் மட்டும் கோடு திறக்கலாம்.

இதையெல்லாம் நேரில் வந்து பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு எழுத வேண்டியதே இல்லை. "செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்." நிலத்துக்காரன் போய்ப் பார்க்காவிட்டால் நிலம் மனைவி மாதிரி ஊடிக்கொள்ளும் என்கிற இதை மட்டும் நீ ஒரு நாளும் ஸ்டேட்டஸ் வைத்ததில்லை. கவனித்திருக்கிறேன்.

சொல்லிவிட்டேன், மனசு கேட்கவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் வேலை முடிந்து அங்கே நடுராத்திரியானாலும் போன் போட்டு, ஸ்பீக்கரில் அவருக்கு ஒரு அதிகாரம் வாசித்தது நீதான். நான் பக்கத்தில் இருந்தும் அப்படி ஒன்றைச் செய்யத் தோன்றவில்லை. உழவு அதிகாரம் வரும்போது அவர் உதடும் கூடவே அசையும். தொலைவில் இருக்கிறவனால் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் நினைக்கவில்லை, நீயும் நினைக்காதே.

ஆனால் வெட்டுக்காரர் அண்ணன் கூலி கூட்டிக் கேட்டபோது அவருக்கு நீ அனுப்பியது இருக்கிறதே, "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று, அதை மன்னிக்க எனக்கு நாளாகும். கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் அதைச் சொல்வது வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்த அரசகுமாரனிடம். செய்கிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை அது. கூலி கொடுக்க வேண்டியவன் வாங்க வேண்டியவனிடம் சொன்னால் அதே வார்த்தை அநியாயமாகிவிடும். இதற்கு எளிதான சோதனை உண்டு. ஒரு பொன்மொழியை ஒருவருக்கு அனுப்புமுன், அவர் அதைக் கேட்டு நடந்தால் யாருக்கு லாபம் என்று பார். உனக்கு லாபமென்றால் அனுப்பாதே. இருட்டில் பாம்புக்கும் அட்டைக்கும் நடுவே நடந்து வெட்டுகிறவர் அவர். தினவெட்டு கூடாது என்று முதலில் சொன்னதும் அவர்தான். அய்யா வைகுண்டரின் சாமித்தோப்பு நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? "தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்" என்ற அய்யாவின் வாக்கு இந்த மண்ணில் சுவரெல்லாம் எழுதிக் கிடக்கிறது. கூலியைக் கூட்டிக் கொடுத்துவிட்டேன். மூன்று நாளுக்கு ஒரு வெட்டென்றால் அவருக்கு நாள் குறையும், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். எவ்வளவு என்று உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.

இளமரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 7 வருஷம் ஆச்சே, திறக்கலாமே என்கிறாய். வருஷத்தைப் பார்க்கக்கூடாது, சுற்றளவைப் பார்க்க வேண்டும். ஒட்டுப்பகுதியிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றினால் 50 சென்டிமீட்டர் வர வேண்டும், அதுவும் 100 மரத்தில் 70 மரத்துக்கு வர வேண்டும். இப்போது பாதிகூட வரவில்லை. மெலிந்த மரத்தில் கத்தி வைத்தால் பருமன் அதோடு நின்றுபோகும், காற்றில் முதலில் முறிவதும் அதுதான்.

கடைசியாக நினைவுநாள் நோட்டீஸ். அப்பா படத்துக்குக் கீழே "உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு - காந்தி" என்று போடச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். அந்த வாசகம் அந்த வடிவில் காந்தியின் எழுத்துகளில் இல்லை. அதற்குக் கிட்டத்தட்ட வருகிற கருத்தை 1913இல் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அப்பா படத்தின் கீழே காந்தி சொல்லாத ஒன்றைக் காந்தி பெயரில் போட வேண்டாம். "ஏரினும் நன்றால் எருவிடுதல் கட்டபின் நீரினும் நன்றதன் காப்பு" என்று அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பா உதடு அசைத்த அதிகாரத்தில் உள்ளது. மாற்ற வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

ஆண்டுக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை. இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற நேரத்தில் வராதே, வந்தால் ஒன்றும் பார்க்க இருக்காது. மே கடைசியில் வா, வெட்டு நனையாமல் மரத்தில் மழைமறைப்பு ஒட்டுகிற வேலை இருக்கும். பிளாஸ்டிக்கும் பசையும் வாங்கி வைத்துவிடுகிறேன், பாதிச் செலவு உன் கணக்கில். வரும்போது நல்ல துணி டேப் ஒன்று வாங்கி வா, இங்கே உள்ளதில் முதல் 10 சென்டிமீட்டர் எழுத்து அழிந்துபோச்சு.

அக்கா