ஸ்பாஸ்கியின் வாத்தியார்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 'ரஷ்யக் குளிரில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்குச் செஸ் தானாக வந்தது' என்று சென்ற இதழின் கட்டுரையில் ஒரு வரி. இரண்டு நாளாக மனசை உறுத்துகிறது.

தானாக வரவில்லை, ஐயா. குளிர்தான் காரணம் என்றால், அதே சோவியத் நாட்டில் இருந்த ஜார்ஜியாவை என்ன சொல்வது? திராட்சை விளையும் பூமி அது. 1962 முதல் 1991 வரை பெண்கள் உலகப் பட்டம் அங்கே பிறந்த நோனா கப்ரிந்தாஷ்விலி, மாயா சிபுர்தானிட்ஸே இருவரிடமும்தான் இருந்தது.

1924-ல் கிரிலென்கோ என்பவர் சோவியத் செஸ் அமைப்பின் தலைமைக்கு வந்த பிறகு, செஸ்ஸை வளர்ப்பது அரசாங்கத்தின் வேலையாகவே ஆயிற்று. மறு வருஷமே அரசுச் செலவில் மாஸ்கோவில் போட்டி வைத்து முன்னாள் உலகச் சாம்பியன் லாஸ்கரையும் அன்றைய சாம்பியன் காபபிளாங்காவையும் வரவழைத்தார்கள். அப்புறம் பயனியர் மாளிகைகள்: பள்ளி விட்டதும் பிள்ளைகள் போய் உட்கார ஓர் இடம், சம்பளத்துக்கு ஒரு வாத்தியார். போர் முடிந்த லெனின்கிராடில் வறுமையோடு வந்த சிறுவன், பின்னாளில் உலகச் சாம்பியனான ஸ்பாஸ்கிக்கு அப்படிக் கிடைத்தவர் விளாதிமிர் ஸாக். சின்ன வயதிலேயே அரசு உதவித்தொகையும் கிடைத்தது. உங்கள் கட்டுரையில் ஸ்பாஸ்கி இருக்கிறார், ஸாக் இல்லை. அந்த அரசு கொடுத்த கையாலேயே பறிக்கவும் செய்தது. 1971-ல் அமெரிக்க ஆட்டக்காரர் ஃபிஷரிடம் தோற்றுத் திரும்பிய சோவியத் கிராண்ட்மாஸ்டர் தைமானோவின் சம்பளத்தையும் வெளிநாட்டுப் பயணத்தையும் நிறுத்தினார்கள். அதையும் எழுதுங்கள். ஆனால் வாத்தியாரை விட்டுவிடாதீர்கள்.

சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு ஆனந்த் சின்னப் பையனாக ஆடிய அதே இடம். கல்லூரி நாளில் நானும் போயிருக்கிறேன். இரட்டை முகக் கடிகாரத்தை முதன்முதலாகத் தொட்டது அங்கேதான். நேரம் தீரும்போது குட்டிச் சிவப்புக் கொடி டக்கென்று விழும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு இருபத்தேழு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எங்கள் பள்ளியின் இரண்டு செஸ் பலகைகளும் பீரோவில் பூட்டியே கிடந்தன, பெரும்பாலும் ஆய்வு நாளில்தான் வெளியே வரும். எப்போதாவது எடுத்தால், காணாமல் போன குதிரைக்குப் பதில் சோடா மூடி வைத்து ஆடுவோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னையே மூன்று முறை தோற்கடித்தாள். மாவட்டப் போட்டிக்கு அழைத்துப்போகப் பஸ் காசு கேட்டேன். 'விளையாட்டுக்கெல்லாம் ஏது சார் நிதி' என்றார்கள். என் காசைக் கொடுக்க நினைப்பதற்குள் தேதி போய்விட்டது. அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கே வரவில்லை. திறமை தானாக வரும் என்று யாராவது எழுதினால் எனக்கு அவள் முகம்தான் தெரிகிறது.

இதைப் பற்றி முன்பும் இரண்டு கடிதம் எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை. பரவாயில்லை, இடம் இருந்திருக்காது.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். கட்டுரையோடு போட்ட படத்தில் பலகையே திரும்பியிருக்கிறது. ஆடுபவரின் வலது கைப்பக்க மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள், பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் காய் அடுக்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருச்சி